பேச வைக்கும் விடியோ: செல்லிடப்பேசியே சிகிச்சைக் கருவி

புது தில்லி:

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு வெளியே காத்திருப்போரில் பலரைப் பார்த்தால், தாயின் கையில் மருத்துவக் கோப்பும் குழந்தையின் கையில் செல்லிடப்பேசியும் இருக்கும். பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தர பிரதேசத்திலிருந்தும் இரவு ரயிலில் வந்து இறங்கியவர்கள் அவர்கள். "மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை" என்பதே பலரது முறையீடு. "முதலில் அந்த செல்லிடப்பேசியைக் குழந்தையிடமிருந்து வாங்கி வையுங்கள்" என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் முதல் அறிவுரை. பரிசோதனைகள் முடிந்து, சில மாதங்கள் கழித்துப் பேச்சுப் பயிற்சியாளரிடம் சென்றாலோ, "செல்லிடப்பேசி இருக்கிறதல்லவா, எடுங்கள், ஒரு விடியோ பதிவு செய்வோம்" என்று அவர் சொல்லக்கூடும்.

எது சரி என்று பெற்றோர் குழம்புவதில் வியப்பில்லை. இரண்டுமே சரி என்பதுதான் விஷயம். குழந்தை அழாமல் இருப்பதற்காக மணிக்கணக்கில் ஓடவிடப்படும் கேலிச்சித்திரப் படம் வேறு. ஒரே ஒரு சொல்லையோ வாக்கியத்தையோ கற்பிப்பதற்காக எடுக்கப்பட்டு, ஒரு நிமிடம் மட்டும் காட்டப்பட்டு, உடனே அணைக்கப்படும் விடியோ வேறு. இரண்டாவதற்கு "விடியோ மாடலிங்" என்று பெயர். தமிழில் விடியோ முன்மாதிரி முறை எனலாம்.

பேச்சு, மொழி, பிறருடன் பழகுதல் ஆகியவற்றில் தடை உள்ளவர்களுக்கு, குறிப்பாக ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு, இம்முறை பல நாடுகளில் பயன்படுத்தப்பட்டு வருகிறது. இந்தியாவிலும் பெருநகர மையங்களில் இதைக் கையாளும் பயிற்சியாளர்கள் உள்ளனர். வாரம் இருமுறை பயிற்சிக்கு வர இயலாத குடும்பங்களுக்கு இது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதே இப்போது எழும் கேள்வி.

ஒரு டம்ளர் தண்ணீர்

முறை எளிமையானது. தாகம் எடுத்தால் தாயின் கையைப் பிடித்துக் குடத்தருகே இழுத்துச் செல்லும் ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். வாய் திறந்து கேட்பதில்லை. அக்குழந்தைக்கு "தண்ணீர் வேணும்" என்று கேட்கக் கற்பிக்க வேண்டும். அண்டை வீட்டுச் சிறுவனோ, அக்காவோ மேசைமுன் அமர்கிறார். மேசையில் ஒரு டம்ளர் தவிர வேறெதுவும் இல்லை. சிறுவன் எதிரே இருப்பவரைப் பார்த்து, "தண்ணீர் வேணும்" என்கிறான். டம்ளர் அவன் கைக்கு வருகிறது. குடிக்கிறான். அவ்வளவுதான் படம்; அரை நிமிடம்கூட ஆகாது.

இந்தப் படத்தைக் குழந்தைக்கு இரண்டு முறை காட்டுகிறார்கள். பிறகு செல்லிடப்பேசி மறைக்கப்படுகிறது. அதே மேசை, அதே டம்ளர், எதிரே தாய். குழந்தை "தண்ணி" என்று பாதிச் சொல்லைச் சொன்னாலும் உடனே தண்ணீர் தரப்படுகிறது. சொல்லாவிட்டால் வற்புறுத்தல் இல்லை. மீண்டும் ஒருமுறை படம். இதையே நாள்தோறும் தாகம் எடுக்கக்கூடிய வேளையில் செய்ய வேண்டும். வயிறு நிறைந்திருக்கும் குழந்தையிடம் இந்தப் பாடம் எடுபடாது.

படத்தில் நடிப்பவர் யார் என்பதைப் பொருத்து இம்முறை பல வகைப்படும். பெரியவரோ, சம வயதுச் சிறாரோ நடிக்கலாம். எவருடைய முகமும் தெரியாமல், குழந்தையின் கண்ணுக்குத் தெரியும் கோணத்திலிருந்து இரு கைகளும் பொருளும் மட்டும் தெரியுமாறு எடுக்கலாம். அந்தக் குழந்தையையே நடிக்க வைப்பது மற்றொரு வகை. இதில் ஒரு நுட்பம் உண்டு. பயிற்சியாளர் பலமுறை எடுத்துக் கொடுத்த பிறகுதான் குழந்தை ஒருமுறை சரியாகச் சொல்கிறது. அந்த எடுத்துக் கொடுத்தல்கள் அனைத்தையும் வெட்டி நீக்கிவிட்டு, குழந்தை தானே தெளிவாகக் கேட்பதுபோல் படத்தைத் தொகுக்கிறார்கள். தன்னால் இன்னும் முழுமையாகச் செய்ய முடியாத ஒன்றைத் தான் செய்து முடித்துவிட்டதாக அக்குழந்தை திரையில் காண்கிறது. இந்தச் சுய முன்மாதிரி முறையை 1970-களிலிருந்து வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் பீட்டர் டௌரிக் என்ற உளவியலாளர்.

அடிதடியில் தொடங்கிய ஆய்வு

இதன் வேர், சற்றும் எதிர்பாராத இடத்தில் உள்ளது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1961-ல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய "போபோ பொம்மை" ஆய்வு அது. காற்று அடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதையும் உதைப்பதையும் பார்த்த மழலையர் பள்ளிக் குழந்தைகள், தனியே விடப்பட்டபோது அதையே செய்தனர். நேரில் பார்த்தால் மட்டுமல்ல, திரைப்படத்தில் பார்த்தாலும் குழந்தைகள் அவ்வாறே நடந்துகொள்வதை 1963-ல் வெளியான அடுத்த ஆய்வு காட்டியது. திரையைப் பார்த்து அடிக்கக் கற்றுக்கொள்ளும் குழந்தை, பேசவும் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

அந்தக் கேள்விக்கு முக்கியமான விடை 1989-ல் கிடைத்தது. அமெரிக்காவைச் சேர்ந்த மார்ஜோரி சார்லப்பும் அவரது சக ஆய்வாளரும், ஆட்டிசம் உள்ள மூன்று சிறுவர்களுக்கு, இருவர் பொம்மைகளைப் பற்றி உரையாடும் விடியோவைக் காட்டி உரையாடக் கற்பித்தனர். சிறுவர்கள் அந்த உரையாடலைக் கற்றதோடு, படத்தில் இல்லாத பொருள்களைப் பற்றியும் பேசினர். 15 மாதங்கள் கழித்தும் அத்திறன் மறையவில்லை. நேரில் செய்து காட்டுவதையும் விடியோவில் காட்டுவதையும் ஒப்பிட்டு, ஐந்து குழந்தைகளிடம் நடத்தி 2000-ல் வெளியிட்ட ஆய்வில், விடியோ வழியாகவே குழந்தைகள் விரைவாகக் கற்றதாக சார்லப் குழுவினர் தெரிவித்தனர். நேரமும் செலவும் விடியோவுக்கே குறைவு என்பதும் அதில் கணக்கிடப்பட்டது.

காரணம் என்ன? ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்ப்பதும், முகபாவம், குரல், கையசைவு ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் உள்வாங்குவதும் கடினம். திரையில் தேவையற்றவை நீக்கப்பட்டு, பார்க்க வேண்டியது மட்டுமே இருக்கிறது. நேரில் கற்பிப்பவர் சொல்லும் விதம் ஒவ்வொரு முறையும் சற்றே மாறும். சோர்வு வரும், எரிச்சலும் வரும். விடியோ நூறாவது முறையும் அதே குரலில், அதே பொறுமையோடு சொல்லும்.

எனினும் இந்த ஆய்வுகளின் எல்லையையும் மறந்துவிடக் கூடாது. 2007-ல் பெல்லினி, அகுல்லியன் ஆகியோர் 23 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து இம்முறை பயனுள்ளதே என்ற முடிவுக்கு வந்தனர். அந்த 23 ஆய்வுகளிலும் பங்கேற்றவர்களின் மொத்த எண்ணிக்கை 73 மட்டுமே. அதாவது ஓர் ஆய்வுக்குச் சராசரியாகச் சுமார் மூன்று பேர். ஆட்டிசம் உள்ளோருக்கான சான்றுள்ள முறைகள் என அமெரிக்கத் தேசியத் தொகுப்பு மையம் 2020-ல் வெளியிட்ட 28 முறைகளின் பட்டியலில் விடியோ மாடலிங் இடம்பெற்றுள்ளது உண்மைதான். ஆனால் இம்முறையின் பேரில் "தொண்ணூறு நாளில் பேச்சு" என்று விளம்பரம் செய்பவர்களுக்கு அந்தப் பட்டியல் துணை நிற்காது.

பெரியவர்களுக்கும்

குழந்தைகளுக்கு மட்டுமானது அல்ல இம்முறை. பக்கவாதத்தால் மூளையின் மொழிப் பகுதி பாதிக்கப்பட்டு, சொல்ல நினைப்பது வாயில் வராமல் தவிப்போருக்கு, பேசுபவரின் வாய் அசைவை மட்டும் நெருக்கமாகக் காட்டும் விடியோ பயன்படுத்தப்படுகிறது. திரையில் தெரியும் உதடுகளோடு சேர்ந்தே அவர் பேச முயல்கிறார். தனியாக ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாதவர்களில் சிலர் இவ்வாறு தொடர்ச்சியாகப் பேச முடிந்ததை, அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் பதிவு செய்துள்ளனர்.

திக்குவாய் உள்ளோரிடம் கிடைத்த அனுபவம் சற்று வேறுபட்டது. திக்கலின்றித் தாம் பேசும் பகுதிகள் மட்டும் தொகுக்கப்பட்ட விடியோவைப் பார்த்து வந்தவர்களுக்கு, எண்ணிப் பார்த்தால் திக்கல் மற்றவர்களைவிடக் குறைந்துவிடவில்லை என 2010-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு கண்டது. ஆனால் தம் பேச்சைக் குறித்து அவர்களுக்கே இருந்த மனநிறைவு கூடியிருந்தது. பலர் முன்னிலையில் வாய் திறக்க அஞ்சி வேலை வாய்ப்பையே தவிர்ப்பவர்களுக்கு அது சிறிய ஆதாயமல்ல.

சட்டத்தில் ஒரு சொல்

நாடாளுமன்றம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? 2016-ம் ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர் பலருக்கும் நினைவிருக்கும். ரூபாய் நோட்டு விவகாரத்தில் இரு அவைகளும் நாள்தோறும் முடங்கின. அந்த அமளிக்கு நடுவே கட்சி வேறுபாடின்றி நிறைவேறிய மிகச் சில மசோதாக்களில் ஒன்று, மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் மசோதா. மாநிலங்களவை டிசம்பர் 14-லும், கூட்டத்தொடரின் கடைசி நாளான டிசம்பர் 16-ல் மக்களவையும் அதை நிறைவேற்றின. 2017 ஏப்ரல் 19-ல் அது நடைமுறைக்கு வந்தது.

1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த மாற்றுத் திறன் வகைகள் இதில் 21 ஆகின. ஆட்டிசமும், "பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு" என்பதும் அவ்வாறு புதிதாகச் சேர்ந்தவை. "தகவல் தொடர்பு" என்பதற்கு இச்சட்டத்தின் இரண்டாவது பிரிவு தரும் விளக்கத்தில் பிரெய்ல், சைகை மொழி, எளிய மொழி ஆகியவற்றோடு "விடியோ" என்ற சொல்லும் இடம்பெற்றுள்ளது. ஐ.நா. உடன்படிக்கையை 2007-ல் ஏற்றதன் தொடர்ச்சியாக வந்த விரிந்த விளக்கம் இது.

ஆனால் அட்டவணையைப் புரட்டினால் விரிவு சுருங்கிவிடுகிறது. பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்பது, குரல்வளை அகற்றப்படுதல், மூளைப் பாதிப்பால் மொழித்திறன் இழத்தல் போன்ற நிலைகளால், உடல் உறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணங்களால் ஏற்படும் "நிரந்தரமான" குறைபாடு என்று அங்கு வரையறுக்கப்பட்டுள்ளது. காரணம் புலப்படாமல் பேச்சு தாமதமாகும் மூன்று வயதுக் குழந்தை இந்த வரையறைக்குள் எளிதில் அடங்காது. அக்குழந்தையின் குறைபாடு நிரந்தரமாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் சிகிச்சையே. சட்டத்தின் பலன்களில் பெரும்பாலானவற்றைப் பெறக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்ற சான்றும் வேண்டும். சான்று கிடைக்கும் வரை காத்திருந்தால் மொழி கற்கும் பருவம் கடந்துவிடும்.

கணக்கெடுப்பிலும் இதே குறை. நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் பேச்சுக் குறைபாடு உள்ளோர் ஏறத்தாழ 20 லட்சம் பேர் என்பது 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரம். ஆட்டிசம் அப்போது தனியாகக் கணக்கிடப்படவில்லை. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. அடுத்த கணக்கெடுப்பை 2027-ல் நடத்துவதற்கான அறிவிக்கை 2025 ஜூனில்தான் வெளியானது.

மாவட்டத்துக்கு ஒன்று

அரசு எதுவும் செய்யவில்லை என்று கூறிவிட முடியாது. 2013-ல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் சுகாதாரத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான சிறாருக்கு அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதனை செய்யப்படுகிறது. கண்டறிய வேண்டிய குறைபாடுகளில் மொழி வளர்ச்சித் தாமதமும் ஒன்று. கண்டறியப்பட்ட குழந்தைகளை அனுப்ப மாவட்ட ஆரம்பநிலைச் சிகிச்சை மையங்கள் உண்டு. அங்கு பேச்சுப் பயிற்சியாளரும் இருக்க வேண்டும் என்பது விதிமுறை. 2021 ஜூன் 17-ல் சமூக நீதி அமைச்சகம், எல்லா வகைக் குறைபாடுகளுக்கும் ஒரே இடத்தில் சிகிச்சை தரும் 14 மையங்களைத் தொடங்கியது. தில்லி, மும்பை, பாட்னா, லக்னௌ ஆகிய நகரங்களோடு சென்னையும் அந்தப் பட்டியலில் உண்டு. சென்னை மையம், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத் திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தைச் சார்ந்தது.

மைசூரில் 1965 முதல் இயங்கிவரும் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் தொலைவழிச் சிகிச்சையும் அளித்து வருகிறது. தில்லி ஜசோலாவில் தேசிய ஆட்டிசம் மையத்தை நடத்தும் "ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்" அமைப்பு, பெற்றோர் முயற்சியால் 1991-ல் உருவானது. பெற்றோரையே பயிற்சியாளராக்க வேண்டும் என்ற எண்ணம் இத்தகைய அமைப்புகளிலிருந்துதான் பரவியது.

இவ்வளவு இருந்தும் பேச்சுப் பயிற்சி என்பது ஒருமுறை வந்து மருந்துச் சீட்டுடன் திரும்பும் சிகிச்சை அல்ல. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். தனியார் மையங்களில் ஓர் அமர்வுக்கான கட்டணம் சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு தேசிய அறக்கட்டளை வழங்கும் "நிராமயா" காப்பீட்டில் ரூ. 1 லட்சம் வரை பெறலாம். தர்பங்காவிலிருந்தோ கோரக்பூரிலிருந்தோ வரும் குடும்பம் தில்லியில் தங்கும் செலவுக்கு அது ஈடாகாது. சிகிச்சைக்காகவே தாயும் குழந்தையும் தில்லியில் வாடகை அறை எடுத்துத் தங்க, தந்தை ஊரில் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் உண்டு.

விடியோ முறை பயன்படக்கூடிய இடம் இதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பயிற்சியாளரைச் சந்திப்பது. இடைப்பட்ட காலத்தில் அவர் வகுத்துக் கொடுத்தபடி வீட்டிலேயே படம் எடுத்துப் பயிற்சி தருவது. குழந்தையின் முயற்சியைப் பதிவு செய்து அனுப்புவது. அதைப் பார்த்து அவர் திருத்தம் சொல்வது. கரோனா பொதுமுடக்கத்தின்போது, 2020-ல் மையங்கள் மூடப்பட்டபோது, வேறு வழியின்றி இப்படிப் பழகிய குடும்பங்கள் பல.

எந்த மொழியில்?

இணையத்தில் இத்தகைய விடியோக்கள் ஏராளமாகக் கிடைக்கின்றனவே, அவற்றைக் காட்டினால் போதாதா? போதாது. அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், வெளிநாட்டு வீட்டுச் சூழலில் எடுக்கப்பட்டவை. போஜ்புரி பேசும் வீட்டுக் குழந்தை ஆங்கில வாக்கியத்தை அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்லக் கற்றுக்கொள்ளலாம். தண்ணீர் வேண்டும்போது அது உதவாது. ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் கேட்டதை அப்படியே ஒப்பிப்பவர்கள் என்பதால் இந்த ஆபத்து அதிகம். விளம்பர வாசகத்தை முழுதாகச் சொல்லும் குழந்தை பேசத் தொடங்கிவிட்டது என்று பெற்றோர் மகிழ்ந்து ஏமாறுவது உண்டு. தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சிக்கல் வேறு வகை: வீட்டில் தமிழ், பூங்காவில் ஹிந்தி, பயிற்சி மையத்தில் ஆங்கிலம். வீட்டில் எந்த மொழியில் கேட்டால் குழந்தைக்குப் பொருள் கிடைக்குமோ, அந்த மொழியில்தான் படம் எடுக்க வேண்டும்.

வேறு சில எச்சரிக்கைகளும் உள்ளன. எந்தப் பயிற்சிக்கும் முன்பு குழந்தைக்குக் காது கேட்கிறதா என்ற பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். திரையைச் சிறிது நேரமேனும் கவனிக்கவும், பார்த்ததைப் போலச் செய்யவும் இயலாத குழந்தைக்கு இம்முறை இப்போதைக்குப் பொருந்தாது. இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குத் திரையே கூடாது. இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என இந்தியக் குழந்தை மருத்துவர்கள் அகாதெமி 2021-ல் வழிகாட்டியுள்ளது. பயிற்சி விடியோ அந்த ஒரு மணி நேரத்தில் சில நிமிடங்களையே எடுத்துக்கொள்ளும். செல்லிடப்பேசியை அதிகம் பார்ப்பதால் "வர்ச்சுவல் ஆட்டிசம்" வருகிறது என்ற பேச்சு பரவலாக இருந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட நோய்ப் பட்டியல்களில் அப்படியொரு பெயர் இல்லை.

யாருடைய விடியோ?

குழந்தையின் குறைபாட்டைக் காட்டும் படம் யாரிடம் இருக்கும், எவ்வளவு காலம் இருக்கும், விளம்பரத்துக்குப் பயன்படுத்தப்படுமா என்பவை இன்னும் அதிகம் பேசப்படாத கேள்விகள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைச் சமூக ஊடகங்களில் வெளியிட்டு விளம்பரம் தேடும் மையங்கள் இல்லாமல் இல்லை. இலவசப் பயிற்சி தரும் இடத்தில் "வேண்டாம்" என்று சொல்லும் துணிவு எத்தனை தாய்மார்களுக்கு வரும்?

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஓரளவு விடை தருகிறது. குழந்தையின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலும், சட்டப்பூர்வப் பாதுகாவலர் உள்ள மாற்றுத் திறனாளியின் தரவுகளுக்கு அந்தப் பாதுகாவலரின் ஒப்புதலும் சரிபார்க்கத்தக்க வகையில் பெறப்பட வேண்டும் என்கிறது அதன் ஒன்பதாவது பிரிவு. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டன. ஒப்புதல் தொடர்பான பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது.

ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஏதேனும் ஒன்றிலோ பெறலாம் என்றும் சட்டம் கூறுகிறது. தர்பங்காவிலிருந்து வரும் தாய் அதை மைதிலியில் கேட்டுப் பெறலாம். பல்லியாவிலிருந்து வரும் தாயின் மொழியான போஜ்புரி அந்த 22-ல் இல்லை.